உங்கள் உளிப்பிடி என்ன மரம்? மரவேலை சாரிடம் படித்தவர்கள் எழுதுங்கள்

தக்கலை பட்டறை:

மக்களே, மரவேலை சார் போய் இன்றைக்கு 23 நாள் ஆகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவட்டாறு போகிற ரோட்டில் ஓட்டுக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தவர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரொம்ப வருஷம் கைத்தொழில் வகுப்பும் எடுத்தார். பள்ளியில் படித்தவர்களுக்கு அவர் சார், பட்டறையில் நின்றவர்களுக்கு ஆசான், ஊர்க்காரர்களுக்கு மூத்தாசாரி. அவரை எடுத்த அன்று முற்றத்தில் நின்ற பாதிப் பேர் ஒருவருக்கொருவர் ‘நீங்க அவருக்கு யாரு’ என்று கேட்டுக்கொண்டே நின்றோம்.

விஷயத்துக்கு வருகிறேன். தொழில் படித்து வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் சார் ஒரு முக்கால் அங்குல உளி கொடுப்பார். இரும்பு மட்டும்தான் தருவார், பிடியை நாமே செதுக்கிப் பூண் போட வேண்டும். எந்த மரம் என்பது நம் இஷ்டம். பிடி சரியாக உட்கார்ந்த பிறகு ஒரு பழைய பைண்டு நோட்டில் ஒரு வரி எழுதுவார். அந்த நோட்டு இப்போது மூத்த மகளிடம் இருக்கிறது. மொத்தம் 61 வரி. ஒன்றில்கூட பெயர் இல்லை. ‘கொய்யா. இடது கை.’ ‘வேங்கை. அப்பா இல்லை. சாயங்காலம் வருவான்.’ இப்படித்தான் இருக்கிறது. ‘புளி. உயரம். அவசரக்காரன், ஆனா கேப்பான்’ என்று ஒன்று. அது நான்தான். ‘ஆனா கேப்பான்’ என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் கேட்பது ஒன்றே ஒன்று. 41ஆம் நாளுக்குள் அந்த வரிகளுக்கு நேரே பெயர் எழுத வேண்டும். உளியைத் திருப்பிக் கேட்கவில்லை. உங்கள் பிடி என்ன மரம், எந்தக் காலத்தில் இருந்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். பெயரைத் தனியாக அனுப்பினால் போதும்.

வளைகுடா ஆசாரி:

கொய்யா, இடது கை. நான்தான் அண்ணே. அபுதாபியில் ஒரு பர்னிச்சர் பட்டறையில் இருக்கிறேன். உளி என் கூடத்தான் இருக்கிறது, இப்போது அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதினால் விரலில் அடி விழும். அந்தப் பயத்தோடுதான் பட்டறைக்குப் போனேன். முதல் நாள் இழைப்புளியை வலது கையால் பிடித்துத் தள்ளினேன், பலகை முழுக்கப் படி படியாக விழுந்தது. சார் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘உனக்கு எந்தக் கை மக்கா?’ என்று கேட்டார். சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு வேலை மேசையில் தடுப்புக்கட்டையைக் கழற்றி மறு ஓரத்தில் அடித்திருந்தார். இடக்கைக்காரன் எதிர்ப்பக்கமாகத்தான் இழைப்பான், பலகை முட்டி நிற்க அந்த ஓரத்தில்தான் கட்டை வேண்டும். ‘இந்த மேசை உனக்கு’ என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் அங்கே இருந்த நாலு வருஷமும் அந்தக் கட்டை அங்கேயே இருந்தது.

முதல் மூன்று வாரம் மரத்தையே தொட விடமாட்டார், கல்தான். எண்ணெய் விட்டு, உளியின் முதுகைக் கல்லோடு ஒட்ட வைத்துத் தேய்க்கணும். பிறகு வாய்ச்சரிவு. கூர் வந்ததா என்று பார்க்க முள்முருங்கைக் கட்டை ஒன்று வைத்திருப்பார். அது பஞ்சு மாதிரி மரம். அதன் வெட்டுமுகத்தில் மழுங்கிய உளியை வைத்தால் நார் கசங்கிப் பிய்ந்து வரும், கூரான உளி வழுவழுவென்று வெட்டி மினுக்கம் காட்டும். அந்த மினுக்கத்தைத் தானே பார்த்தால்தான் ‘சரி, இனி மரம் எடு’ என்பார். இங்கே என்னிடம் வேலைக்கு வருகிற நேபாளிப் பையன்களுக்கும் நான் அதையே செய்கிறேன். முள்முருங்கை கிடைக்காததால் பழைய பெட்டிக்கட்டை.

குலசேகரம் பால்வெட்டு:

எல்லாரும் நல்லதையே சொல்வீர்கள். எனக்கு அவர் மேல் ஒரு காலத்தில் பெரிய கோபம் இருந்தது, அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நான் செய்த முதல் முக்காலி. ஒரு காலின் நாக்கு துளைக்குள் தளர்வாக இருந்தது. இழைத்த தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டேன், வெளியே பார்த்தால் தெரியாது. சார் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் அடுக்களையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவ்வளவு பெருமை! ஒரு மாதம் கழித்து எல்லாப் பையன்கள் முன்னாலும் அதைக் கொண்டுவந்து வைத்து, ‘உக்காரு மக்கா’ என்றார். உட்கார்ந்தேன், ஆடியது. ‘ஒரு மாசமா நான் உக்காந்தேன், எங்க வீட்டுக்காரி உக்காந்தா’ என்றார். வேறு வார்த்தை இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போனேன்.

ஒரு நாள் விடியற்காலை பால்வெட்டி முடித்து வருகிறேன், எங்கள் வீட்டுத் திண்ணையில் சார் உட்கார்ந்திருக்கிறார். பஸ் பிடித்து வந்திருக்கிறார், மடியில் அந்த முக்காலி. எனக்குத் தர வேண்டிய கூலி பாக்கியை எண்ணி அம்மாவிடம் கொடுத்தார். கட்டஞ்சாயா குடித்தார். போகும்போது, ‘காலைக் கழத்திப் புதுசு போடு. மரம் பட்டறையில எடுத்து வச்சிருக்கேன்’ என்று மட்டும் சொன்னார். அடுத்த திங்கள்கிழமை போனேன். என் பிடி பலா. பலாப்பிடி சீக்கிரம் நசுங்கும் என்று சொல்லிப் பார்த்தார், நான் கேட்கவில்லை. நோட்டில் ‘பலா’ என்று இருந்தால் அது நான்.

இரணியல் பக்கம்:

குலசேகரத்து அண்ணே, நீங்கள் எழுந்து போன அன்று நான் அங்கே இருந்தேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று மத்தியானம் சார் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் எங்களை அனுப்பிவிட்டு, ‘தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்’ என்று தச்சுமேசையைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நான் இருந்தவரை யாருடைய குறையையும் எல்லார் முன்னாலும் சொன்னதில்லை, கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போவார்.

குலசேகரம் பால்வெட்டு:

இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நன்றி தம்பி.

கணக்கு டீச்சர்:

எனக்கு உளி கிடைக்கவில்லை. ஆனாலும் எழுதலாம் அல்லவா? நான் பள்ளிக்கூடத்தில் அவருடைய மாணவி.

கைத்தொழில் வகுப்பில் பையன்களுக்கு மரவேலை, பெண் பிள்ளைகளுக்குத் தையல் என்று வழக்கம். நாங்கள் மூன்று பேர் மரவேலைதான் வேண்டும் என்று நின்றோம். சார் எங்கள் மூன்று வீட்டுக்கும் வந்து பேசினார். அப்புறம் அந்த வகுப்பையே கால அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. சனிக்கிழமைகளில் பட்டறையைத் திறந்து வைத்தார், வேண்டியவர்கள் வந்தோம். காசு வாங்கியதில்லை.

நான் கணக்கு டீச்சர் ஆனதற்கு அவருடைய கோல்தான் காரணம். டேப் வைத்திருந்தாலும் ஒரு பழைய தச்சுக்கோலும் வைத்திருப்பார். 24 விரல் ஒரு கோல், ஒரு விரல் 3 சென்டிமீட்டர், ஆக ஒரு கோல் 72 சென்டிமீட்டர். ‘இந்தக் கதவு நிலை எத்தனை கோல் எத்தனை விரல்?’ என்று கேட்பார், மனக்கணக்கில் மாற்றிச் சொல்ல வேண்டும். பின்னம் எனக்குப் பிடிபட்டது அந்தக் கோலில்தான்.

ஒரு தடவை பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது பழைய அரண்மனைக்கு, கூட்டிப் போனார். பூமுகத்து (முன்வாசல் மண்டபம்) மேல்கூரையில் மரத்தில் 90 விதமான பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி எண்ணச் சொன்னார். கழுத்து வலிக்க எண்ணினோம், எனக்கு 84தான் வந்தது. ‘ஆறு பூவைப் பார்க்காம வீட்டுக்குப் போகப் போறியா?’ என்றார். மறுபடி எண்ணினேன். தாய்க் கொட்டாரத்தில் பலா மரத்தில் கடைந்த தூண் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். தொடக் கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய் ரேகையைப் பார்த்தார். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது, 1956இல் நம் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, கொட்டாரம் மட்டும் இன்றும் கேரள அரசின் கையில் என்றெல்லாம் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். சார் மெதுவாக, ‘ராஜா பேரெல்லாம் இருக்கு. இந்தத் தூணைக் கடஞ்சவன் பேரு எங்கயாவது இருக்கா, பாருங்க பிள்ளேளா’ என்றார். தேடினோம். எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

அதனால்தான் அந்த நோட்டில் பெயர்களே இல்லை என்று படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிலாமூட்டு வீடு:

நான் சிஷ்யன் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு முன்கதவு அவர் செய்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2017 நவம்பர் 29 ராத்திரி பிடித்த ஒக்கி காற்றை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 30ஆம் தேதி விடிந்தபோது ரப்பர், தென்னை, வாழை எல்லாம் தரையில். எங்கள் வீட்டு மூட்டில் நின்ற பெரிய பிலா (பலா மரம்) வேரோடு சாய்ந்து அடுக்களையை உடைத்திருந்தது. அப்பாவின் அப்பா வைத்த மரம். கரண்ட் எங்கள் பக்கம் வர ரொம்ப நாள் ஆனது. அதற்குள் விறகு வியாபாரிகள் வண்டியோடு வந்துவிட்டார்கள். ரோட்டை அடைத்துக் கிடக்கிற மரம், வீட்டில் காசு இல்லை, கொடுத்த விலைக்கு எல்லோரும் விற்றார்கள்.

மூத்தாசாரி அப்போது நடந்தே வீடு வீடாக வந்தார், கையில் சுண்ணாம்புக்கட்டி. அயனி, பிலா, தேக்கு என்று பார்த்த இடத்திலெல்லாம் தடியில் ‘விற்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டுப் போனார். ரப்பருக்கு மட்டும் வேறு பேச்சு: ‘அதை உடனே குடுத்துருங்க. அறுத்து மருந்து ஏத்தலைன்னா நீலம் பாயும், பூச்சி விழும்.’ எங்கள் மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக ஆளும் அவரே பிடித்துத் தந்தார். அறுத்து வந்த பலகையை அடுக்கியதையும் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரே கனத்தில் சிம்பு வைத்து, காற்று போக வழி விட்டு, மேலே கனம் ஏற்றி, வெட்டுமுகங்களில் மிச்சப் பெயிண்ட் பூசினார். ஓரம் சீக்கிரம் காய்ந்தால் வெடிக்குமாம். ‘ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம். அதுக்கு முன்னால தொடாதீங்க’ என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து அவரே வந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, கதவு செய்தார். வெள்ளைப் பாகம் முழுவதையும் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுத்தார். விளவங்கோட்டுப் பக்கம் அதைக் காதல் என்பார்களே, அது. மாட்டிய அன்று மஞ்சளாக இருந்தது. இப்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. பாட்டா வைத்த மரம் வீட்டை உடைத்தது, அதே மரம் இப்போது வீட்டைப் பூட்டுகிறது. அப்பா தினமும் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் திறப்பார்.

இரணியல் பக்கம்:

ரப்பரைப் பற்றி ஒரு திருத்தம். சார் ரப்பர் மரத்தை ஒதுக்கினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மருந்து ஏற்றிய பலகை ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு பள்ளிக்கூட ஸ்டூலுக்கும் மேசைக்கும் அதைத்தான் போட்டார். மழை படாத இடத்துக்கு மட்டும்.

கடற்கரை தங்கச்சி:

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

அந்த நோட்டில் அயனி என்று ஏதாவது வரி இருக்கிறதா? என் அண்ணன் அவரிடம் இரண்டு வருஷம் இருந்தான். வள்ளம் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் அப்பா அனுப்பினார். பிடி செய்ய எங்கள் தாத்தாவின் உடைந்த வள்ளத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துப் போனான். அப்புறம் கடன் ஏறியதும் ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கினான். ஒக்கிக்குப் போனவன் வரவில்லை.

சார் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு அவர் வந்ததில்லை, கடற்கரையில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தார், ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அண்ணனுடைய உளி இருக்கிறதா என்று கேட்டார். உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தது. பையிலிருந்து கல்லை எடுத்து, வாசலில் உட்கார்ந்து தீட்டினார். ஒரு மணி நேரம் இருக்கும். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அம்மா கையில் கொடுத்தார். ‘நல்ல கை அவனுக்கு’ என்றார்.

மாதம் ஒரு தடவை நான் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன். இன்னும் துரு இல்லை.

மூத்த மகள்:

இருக்கிறது தங்கச்சி. 38ஆவது வரி. ‘அயனி, வள்ளத்துத் துண்டு. ஞாயிறு கோயில் முடிஞ்சுதான் வருவான்.’ அதற்குக் கீழே பென்சிலால் 2017 என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்த வருஷம் எதற்கென்று இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்கள் வீட்டுக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் அப்பா யாரிடமும் பேசாமல் படுத்ததும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் அம்மாவைப் பார்க்க நான் வரலாமா?

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. பெயரில்லாததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்குப் பெயர் நிற்காது. எங்களையே மூத்தவள், நடுவுள்ளவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் யாருடைய கை எப்படி வேலை செய்யும் என்பதை மறக்கவே மாட்டார். கடையில் ஒரு நாற்காலியைப் பார்த்துவிட்டு, ‘இது நம்ம வேங்கைப் பையன் செஞ்சது’ என்பார். கடைக்காரரிடம் கேட்டால் சரியாக இருக்கும்.

வீட்டில் எப்படி என்று ஓர் அண்ணன் தனியாகக் கேட்டிருந்தார். அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு, போனவர். கொட்டையின் தோட்டெண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அப்பா எவ்வளவு வேலை இருந்தாலும் ஐந்தரைக்குப் பட்டறையைச் சாத்திவிடுவார். அம்மா வருவதற்குள் சாயா போட்டு மூடி வைப்பார். அம்மா குளித்து வந்ததும் திண்ணையில் உட்கார வைத்து, ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவுவார். அதே கையால்தான் பகல் முழுக்க வாய்ச்சி பிடித்திருப்பார், ஆனால் அம்மா விரலைப் பிடிக்கும்போது வேறு கை மாதிரி இருக்கும். நாங்கள் மூன்று பேரும் பாடம் படிப்பது அந்த விளக்குக்குக் கீழேதான். யாரும் விருந்துக்கு வந்திருந்தாலும் அந்த வேலை நிற்காது. அம்மா போன பிறகும் கொஞ்ச நாள் ஐந்தரைக்கு அடுக்களைக்குப் போய் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். ஒன்றை நான் எடுத்துக் குடித்தேன். அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

இப்போது பட்டறையை நான்தான் பார்க்கிறேன். பாதி வேலை பிளைவுட், அடுக்களை அலமாரி. அப்பாவுக்கு அதில் வருத்தம் இல்லை, ஓரத்தை ஒழுங்காக ஒட்டு என்று மட்டும் சொல்வார். கணக்கு டீச்சர் அக்கா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக இரண்டு வரி இருக்கிறது. ‘மூணு பிள்ளேளுக்கு உளி கொடுக்கணும்’ என்று எழுதி, கீழே ‘இரும்பு வாங்கியாச்சு’ என்றும் இருக்கிறது. தேடினேன். மரப்பெட்டியின் அடித்தட்டில் காகிதம் சுற்றி மூன்று உளி, பிடி போடாமல். ஏன் தராமல் விட்டார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கல்யாணமாகி எங்கே போனீர்கள் என்று தெரியாமல் இருந்திருக்கலாம். பிடி நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கணக்கு டீச்சர்:

இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மற்ற இருவரில் ஒருத்தி மார்த்தாண்டத்தில்தான் இருக்கிறாள், அவளையும் கூட்டி வருகிறேன். எங்கள் வீட்டு முற்றத்தில் வெட்டிப் போட்ட புளியங்கொம்பு காய்ந்து கிடக்கிறது.

தக்கலை பட்டறை:

புளி நல்லது. ஒத்துவராவிட்டால் என்னிடம் துண்டு இருக்கிறது, கொண்டு வருகிறேன். முள்முருங்கைக் கட்டையும் கொண்டு வருகிறேன், கல்லில் தீட்டிப் பார்க்க வேண்டுமே.

மூத்த மகள்:

இதுவரை 44 வரிக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. மீதி 17. தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். சிலதை இங்கே தருகிறேன்.

‘வேம்பு. பாட்டுப் பாடுவான்.’
‘பூவரசு. பிடியில ஓட்டை போட்டு நூல் கட்டினான்.’
‘வேங்கை. ரெண்டு அண்ணன் தம்பி, ஒரே மரம்.’
‘கொய்யா. கண்ணாடி. கோணம் ஐ.டி.ஐ. போனான்.’

பேச்சிப்பாறை லாரி:

பூவரசில் கட்டின நூல் சிவப்பா?

மூத்த மகள்:

நோட்டில் நிறம் இல்லை அண்ணே. நீங்கள் சொல்லுங்கள்.

பேச்சிப்பாறை லாரி:

சிவப்புத்தான். என் தங்கச்சி பாவாடை நாடா. தச்சு வேலையை விட்டு லாரிக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, அதனால் வர வெட்கப்பட்டுக்கொண்டு எடுத்த அன்றும் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். உளி வண்டியில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிறு நானும் வரலாமா?

மூத்த மகள்:

வாங்க அண்ணே. ஐந்தரைக்கு முன்னால் வந்துவிடுங்கள், சாயா போடுகிறேன்.